என் அட்டவணை விழுங்கிய பாதி ஊர்

பாலக்காட்டுக் கல்பாத்தியில் எங்கள் வீட்டு வாசல் நிலையின் மேல் நான்கு எண்கள் இருக்கின்றன. ஒன்று தாரால் எழுதியது, ஒன்று நீலப் பெயின்ட், ஒன்று தகரத் தகடு, கடைசியாக வந்தது பிளாஸ்டிக். வார்டு எல்லையை மாற்றும்போதெல்லாம் ஓர் ஆள் வந்து புது எண்ணை அடித்துவிட்டுப் போவார். பழையதை யாரும் கழற்றுவதில்லை. போன முறை பிளாஸ்டிக் வந்தபோது, "மத்த மூணையும் எடுத்துடட்டுமா?" என்று என் கணவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கேட்டார். நான் விடவில்லை. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் நான்கு முறை இடம் மாறியிருக்கிறது. இதைத்தான் நான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வேலை அப்படி. ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சென்சஸ் புத்தகங்களை மேசை நிறைய அடுக்கி வைத்துக்கொண்டு, போன கணக்கெடுப்புக்கும் இந்தக் கணக்கெடுப்புக்கும் நடுவே ஓர் இடத்தில் ஜனங்கள் கூடினார்களா, குறைந்தார்களா என்று அட்டவணை போட வேண்டும். கூட்டலும் கழித்தலும்தானே என்று தோன்றும். ஆனால் கழிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பெயரால் சொன்ன நிலமும் இன்றைக்கு அந்தப் பெயரால் சொல்லும் நிலமும் ஒன்றுதானா? நாழியை மாற்றிவிட்டு அரிசி குறைந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. மலப்புறம் ஜில்லா பிறந்தபோது பாலக்காட்டிலிருந்து ஒரு துண்டு அதற்குப் போனது. இடுக்கி ஜில்லாவோ வேறு இரண்டு ஜில்லாக்களிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளை ஒட்டிச் செய்தது. இதை மறந்துவிட்டுப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போனது போலத் தெரியும்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். வகுப்பில் எப்போதும் சொல்லும் கதை இடுக்கி எஸ்டேட்டில் நடந்தது. நான் புதிதாக இருந்த காலத்தில் ஒரு சர்வேக்காக அங்கே லயங்களில் வீடு வீடாகப் போனோம். லயம் என்றால் தோட்டத் தொழிலாளிகள் இருக்கும் வரிசை வீடுகள். ஒரு வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டதற்கு, "அவுக நாட்டுக்குப் போயிருக்காக" என்றாள். என்னோடு வந்தவர் கோட்டயத்துக்காரர். தாளில், வெளிநாடு சென்றுவிட்டார்கள் என்று எழுதிவிட்டார். அந்த மலையில் நாடு என்றால் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊர். திருவிழா முடிந்து அடுத்த வாரம் திரும்பி வந்துவிடுவார்கள். நான் அதை அடித்துத் திருத்தினேன். அன்றிலிருந்து, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சொல்லைப் பார்க்கத் தெரிந்தவள் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

கர்வம்தான், மறுக்கவில்லை. நான் போட்ட அட்டவணையில் ஒருவரும் ஒரு தப்பும் கண்டுபிடித்ததில்லை என்று வேலையை விட்டு வந்த நாளன்று பேசிய கூட்டத்தில்கூடச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த டீச்சரின் போன் வந்தது.

அவர் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையோரத்தில், எருத்தேன்பதி, வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷன், அதாவது தமிழ் வழி வகுப்புகளின், டீச்சர். அந்தப் பக்கம் முழுக்கக் கோயமுத்தூர்த் தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது ஏற்கெனவே என்னால் போதுமான அளவு பட்டாகிவிட்டது.

"ஏனுங் மேடம், அந்த ரிப்போர்ட்ல எங்கூரு டேபிளு போட்டது நீங்கதானுங்களா?" என்றார். ஆராய்ச்சி நிலையத்தில் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த ரிப்போர்ட், எந்த டேபிள் என்று எனக்கு உடனே நினைவு வரவில்லை. பல வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். அவர் அதைப் படம் எடுத்து அனுப்பினார். நான் போட்டதுதான். என் அட்டவணைகளை எனக்குத் தெரியாதா, கடைசிப் பத்தியில் அடிக்கோடு போடும் பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு.

அதில் அந்த வில்லேஜின், அதாவது ரெவின்யூ கிராமத்தின், பெயருக்கு நேரே, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதாக இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இப்போது ஒரு ஃபைல் கிளம்பியிருக்கிறது என்று டீச்சர் சொன்னார். ஊரில் குழந்தைகளே பாதியாகிவிட்டார்கள், வருங்காலத்தில் தமிழ் டிவிஷன் தேவைப்படாது, மூடிவிடலாம். அடுத்த மாதம் பாலக்காட்டில் ஹியரிங்.

"எங்க வகுப்புல புள்ளைக இருக்கறாங்க மேடம். எண்ணிக் காமிச்சனுங்க. இப்ப இருக்கறாங்க, நாளைக்கு இருக்க மாட்டாங்க, ஊரே கொறஞ்சு போச்சு, சென்சஸ்ல போட்டிருக்குதுங்கறாங்க. நாங்க எங்கீங்க கொறஞ்சு போனோம்?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பரண்மேல் இருந்த பழைய நோட்டுகளை எடுத்துப் பிரித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நடந்தது இதுதான். முதல் கணக்கெடுப்பின்போது அந்த வில்லேஜ் பெரியது. இரண்டாவது கணக்கெடுப்புக்கு முன்னால் அதன் கிழக்குப் பாதியை வெட்டி, பக்கத்து வில்லேஜிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு புது வில்லேஜ் உண்டாக்கியிருக்கிறார்கள். புதியதற்குப் புதுப் பெயர். மிச்சமிருந்த மேற்குப் பாதிக்கு அதே பழைய பெயர். நான் பழைய பெயரைப் பழைய பெயரோடு சேர்த்துக் கழித்திருக்கிறேன். முழு ஊரிலிருந்து பாதி ஊரைக் கழித்தால் பாதி குறையாமல் என்ன செய்யும்? புது வில்லேஜ் அதே புத்தகத்தில் இரண்டு வரி தள்ளித்தான் இருந்தது. அதன் பழைய எண்ணுக்கான கட்டத்தில் நானே ஒரு சிறிய கோடு போட்டு, தகவல் இல்லை என்று எழுதிவிட்டு மேலே போயிருக்கிறேன்.

வகுப்பில் ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் இது. இடுக்கியையும் மலப்புறத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடக்கூடிய ஊரில் கோட்டைவிட்டேன். அவமானமாக இருந்தது. அதைவிட, ஏன் அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் குடைந்தது. பாதிக்கும் கீழே என்றால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும்.

சந்தேகம் வந்தவர் ஒருவர் இருந்தார், அது நினைவுக்கு வந்தது. அட்டவணையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்த்த நாளில், பிழை திருத்த உதவியாக என் கணவர் எண்களை உரக்கப் படித்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தினார்.

"இவ்வளவு குழந்தைகளா கொறஞ்சது? எங்க போனா அவாள்லாம்?"

"கோயமுத்தூருக்குப் போயிருப்பா. இதுல என்ன ஆச்சரியம்? மேல வாசிங்கோ."

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் தெரு. எங்கள் தெருவில் பாதி வீடு அன்றைக்கே பூட்டிக் கிடந்தது. பம்பாய்க்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் தேருக்கு வந்து சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள். என் வகுப்பில் படித்தவர்களில் இங்கே இருப்பது நானும் இன்னும் ஓரிருவரும்தான். பாதி ஊர் காலியாவது என்பது கல்பாத்திக்காரிக்கு ஆச்சரியமே இல்லை. தமிழ் பேசுகிற ஊர் என்றால் அது காலியாகிக்கொண்டுதான் இருக்கும் என்று நான் எந்தக் கேள்வியும் இல்லாமல் நம்பியிருக்கிறேன். எங்கள் தெருவின் பூட்டைக் கொண்டுபோய் அவர்கள் ஊருக்குப் போட்டிருக்கிறேன். வேறு எந்த ஊர்க்காரி அந்த அட்டவணையைப் போட்டிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றிருப்பாள்.

மறுநாள் டீச்சரைக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையதுதான், சரிசெய்து தருகிறேன் என்றேன். வழியும் எனக்குத் தெரியும். புது வில்லேஜை மட்டும் பழைய வில்லேஜோடு கூட்டினால் கணக்கு வராது, ஏனென்றால் அதில் பக்கத்து வில்லேஜின் துண்டும் கலந்திருக்கிறது. அதனால் வட்டத்தைப் பெரிதாகப் போட வேண்டும். அன்றைய இரண்டு வில்லேஜையும் சேர்த்து ஒன்றாக்கு, இன்றைய மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கு. உள்ளே எத்தனை கோடு நகர்ந்திருந்தாலும் வெளிக்கோடு ஒன்றாகிவிடும். ஆனால் வெளிக்கோடு உண்மையிலேயே ஒன்றுதானா என்று நிச்சயம் செய்ய வேண்டும். வெட்டும்போது ஏதாவது ஒரு மூலை நான்காவது வில்லேஜுக்குப் போயிருந்தால் திரும்பவும் மூக்கு உடையும். எல்லை மாற்றிய உத்தரவின் நகலுக்கு எழுதிக் கொடுத்தேன். அது வருவதற்குள் ஹியரிங் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

"பழைய எல்லைக்கு ஏதாவது ஆதாரம் வேணும் டீச்சர். ஊர்க்காரா கிட்ட ஆதாரம் இருந்தா ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ" என்றேன்.

நான் கேட்டது சாட்சியம். பழைய நோட்டீஸ், வரைபடம், அந்தக் காலத்துப் பஞ்சாயத்துக் காகிதம், இப்படி ஏதாவது. டீச்சர் என் வார்த்தையை அப்படியே பெற்றோர் குரூப்பில் போட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கினேன். பள்ளிக்கூட வராந்தாவில் நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயதுக்காரர்கள் எல்லாரும் கையில் ஆதார் கார்டு வைத்திருந்தார்கள். சிலர் ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார்கள். "ஒரு காப்பி போதுங்களா, ரெண்டு வேணுங்களா?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். வயதானவர்களோ பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிய நிலப் பத்திரங்களைக் கொண்டு வந்திருந்தார்கள். மலையாளத்தில் ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம். இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக அதுதான் ஆதாரம். நானும் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவள்தான், இது எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லும்போது தோன்றவில்லை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சொல்லைப் பார்க்கத் தெரிந்தவள் என்ற என் பட்டம் வராந்தாவில் நாற்பது பேர் முன்னால் பறந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. எல்லாரையும் கும்பிட்டு அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பையிலிருந்து தன் ஆதாரத்தை எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகளும் தமிழ் டிவிஷனில் படிக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தோட்டம், தென்னையும் கொஞ்சம் கடலையும்.

"இதுல என்னம்மா எழுதீருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. மலையாளம். எங்கூட்டு ஆதாரத்த நாங்களே படிக்க முடியாதுங்க. அதுக்குத்தான் புள்ளைக ரெண்டு பாசையும் படிக்கட்டும்னு இங்க போட்டிருக்கறனுங்க. இங்க தமிழ்லயுஞ் சொல்லித் தர்றாங்க, மலையாளமுஞ் சொல்லித் தர்றாங்க. இத மூடிட்டா பொள்ளாச்சிக்கு எங்கண்ணன் ஊட்டுக்குத்தான் அனுப்போணும். புள்ளைகள உட்டுப்போட்டு நா இங்க என்னத்தப் பண்றதுங்க?"

அவள் அழவில்லை. கேட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டிலிருந்து இரண்டு பெண்களைப் பொள்ளாச்சிக்கு அனுப்பப் போவது என் அட்டவணையின் ஒரு வரி என்று அவளுக்குத் தெரியாது. டீச்சர் சொல்லியிருக்கவில்லை.

பத்திரத்தைப் பிரித்துப் படித்தேன். படிக்கப் படிக்க என் முதுகு நிமிர்ந்தது. நிலப் பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஜில்லா, தாலூக்கா, வில்லேஜ், அதற்குள் தேசம் என்ற குட்டிப் பிரிவு, சர்வே நம்பர், நான்கு பக்கத்து எல்லை. இந்தப் பத்திரம் வில்லேஜைப் பிரித்ததற்குப் பிறகு பதிவானது. அதில் தெளிவாக, முன்பு இன்ன வில்லேஜில் இருந்து இப்போது இன்ன வில்லேஜில் சேர்ந்த இடம் என்று இருந்தது. நான் எழுதிக் கேட்டிருந்த உத்தரவு எப்போது வருமோ, அது சொல்ல வேண்டியதை இந்தப் பெண்ணின் பிளாஸ்டிக் பை சொல்லிவிட்டது.

"யாரும் போகாதேங்கோ. எல்லா ஆதாரத்தையும் கொண்டாங்கோ" என்றேன்.

மத்தியானம் வரை வகுப்பு பெஞ்சுகளின் மேல் பத்திரங்களைப் பரப்பி வைத்தோம். வாய்க்காலுக்கு மேற்கே இருப்பவர்கள் ஒரு பெஞ்சு, கிழக்கே இருப்பவர்கள் ஒரு பெஞ்சு. ஒவ்வொரு சள்ளையாக, ஒவ்வொரு பதியாக, அங்கே சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கு அப்படித்தான் பெயர், முன்பு எந்த வில்லேஜ், இப்போது எந்த வில்லேஜ் என்று நான் படிக்க டீச்சர் எழுதிக்கொண்டார். எல்லாம் மூன்றுக்குள்ளேயே அடங்கின. எனக்குச் சந்தேகமாக இருந்த மூலை ஒன்றே ஒன்று, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த கடைசிச் சள்ளை. அதுதான் அந்தப் பெண்ணின் ஊர். அது பக்கத்து வில்லேஜிலிருந்து புது வில்லேஜுக்கு வந்திருந்ததே தவிர, நான்காவது வில்லேஜுக்குப் போகவில்லை. வெளிக்கோடு மூடியது.

ஆதார் கார்டுகளும் வீண் போகவில்லை. புது வில்லேஜில் இருப்பவர்களின் கார்டுகளிலும் விலாசத்தில் பழைய பெயர்தான் இருந்தது. கேட்டால், "எங்கூரு அதுதானுங்களே" என்றார்கள். வில்லேஜ் மாறியது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவே இல்லை. ஆளுக்கு ஊர் பழையது, அவர் நிற்கும் நிலத்துக்கு ஊர் புதியது. என் பிழையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன். சென்சஸ் எண்களை நோட்டில் கொண்டு போயிருந்தேன். இரண்டும் சேர்த்து அன்றைக்கு இவ்வளவு, மூன்றும் சேர்த்து இன்றைக்கு இவ்வளவு. குழந்தைகள் குறைந்துதான் இருந்தார்கள், ஆனால் தாலூக்கா முழுவதும் குறைந்த அளவுக்குத்தான், அதற்குமேல் இல்லை. கேரளம் முழுக்கவே வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று ஆகிவிட்ட காலம்.

டீச்சர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"கொறஞ்சிருக்குதுங்களா மேடம்?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு. எல்லா எடத்துலயும் போலத்தான்."

"ஏனுங், கூடீருச்சுன்னே எழுதிப்போடுங்களே. கொறஞ்சுதுன்னு ஒரு வார்த்தையப் பாத்தா அதையே புடிச்சுக்குவாங்க."

"அது முடியாது டீச்சர்."

"முந்தி கொறச்சு எழுதுனீங்க. இப்பக் கூட்டி எழுதக் கூடாதுங்களா?"

சுருக்கென்றது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் வழி இல்லை. "முந்தி தெரியாம எழுதினேன். இப்போ தெரிஞ்சு எழுதினா அது வேற. இந்தக் கணக்கை யார் எடுத்து எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நிக்கணும். கூட்டி எழுதினா ஒரு கேள்விக்கு நிக்காது" என்றேன். அவர் பத்திரங்களை அவரவர் பையில் போட்டுக் கட்டத் தொடங்கினார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் குரலில் வருத்தம் இருந்தது. ஆனாலும் சாப்பாடு போட்டார், மோரும் ஊற்றினார்.

திரும்பும்போது வேலந்தாவளத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஹியரிங்கில் சொல்ல வேண்டியதை மனதில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். "அட்டவணை தயாரிக்கப்பட்டபோது வில்லேஜ் எல்லை மாற்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை." நல்ல வாக்கியம். உண்மைதான், பொய் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டில் என் பெயர் கிடையாது. அட்டவணை போடுகிறவர்களின் பெயரை யாரும் அச்சிடுவதில்லை. டீச்சருக்கு மட்டும் தெரியும், அவர் சொல்ல மாட்டார். செய்தவளை மறைத்துவிட்டு வாக்கியம் எழுத நம் பாஷையில் எவ்வளவு வசதி இருக்கிறது என்று அந்தப் பஸ்ஸில்தான் கவனித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஹியரிங் நாளன்று அறையில் அதிகாரி, ஒரு கிளார்க், டீச்சர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண் இன்னும் இரண்டு பெற்றோருடன், நான். அதிகாரி சின்ன வயதுப் பெண். மலையாளத்தில் பேசினார், ஃபைலை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. நான் கொண்டுபோன தாளை இரண்டு முறை பார்த்தார். பழைய ரிப்போர்ட்டும் சென்சஸ் எண்தான், நீங்கள் காட்டுவதும் சென்சஸ் எண்தான், அப்படியானால் எதை நம்புவது என்று கேட்டார்.

எண்கள் எல்லாமே சரி, கோடுதான் வேறு என்றேன். அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலில் நான்கு எண் இருக்கிறது, அதற்காக உள்ளே நான்கு குடும்பம் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, மூன்று வில்லேஜையும் விரலால் தொட்டுத் தொட்டு அவரே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். தாலூக்காவின் இறக்கத்தோடு ஒப்பிட்டார். "குறைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்றார். ஆமாம், தாலூக்கா குறைந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்றேன். அந்த வரிதான் அவரை நம்ப வைத்தது என்று எனக்குத் தோன்றியது. டீச்சரும் அதைக் கவனித்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு அதிகாரி பழைய ரிப்போர்ட்டை எடுத்து என் அட்டவணை இருந்த பக்கத்தைத் திறந்து, பொதுவாக அறையைப் பார்த்துக் கேட்டார்:

"இது ஆரா தய்யாறாக்கியது?"

யார் தயாரித்தது என்று கேட்கிறார். கிளார்க் தோளைக் குலுக்கினார். டீச்சர் சுவரைப் பார்த்தார். என் நல்ல வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்போது அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மலையாளம் படிக்கத்தான் தெரியாது, கேட்டால் புரியும். அவளுக்கும் பதில் வேண்டியிருந்தது. தன்னை இல்லாமல் ஆக்கியது யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இல்லாத உரிமை அந்த அறையில் யாருக்கு இருக்கிறது?

"ஞான் தன்னெ" என்றேன். நான்தான்.

 முப்பது வருஷம் கட்டிக் காத்த பெயர் அந்த இரண்டு வார்த்தையில் போனது. வலித்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் திருப்திதான். பெயர் ஒன்றாக இருந்ததால் எல்லையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன், ஊர் காலியாகியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன், அங்கே போய்ப் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஃபைலை என் பக்கம் திருப்பி, அந்த அட்டவணைக்கு நேரே திருத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வரும்வரை டிவிஷன் இப்போது இருப்பது போலவே நடக்கட்டும் என்று கிளார்க்கிடம் குறிப்பு சொன்னார்.

நான் எழுதினேன். எந்த வில்லேஜை எதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். வரியின் கடைசியில், வழக்கம்போல அடிக்கோடு போட்டேன். அதற்குக் கீழே என் முழுப் பெயர், முன்பு பார்த்த வேலை, விலாசம். விலாசத்தில் வீட்டு எண் எழுதும் இடத்தில் கை ஒரு நிமிஷம் நின்றது, நான்கில் எது என்று. பிளாஸ்டிக்கை எழுதினேன்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "அன்னைக்கு எங்கூட்டு ஆதாரத்த மடியில வெச்சப்ப நீங்க ஏனுங்கம்மா அப்படிப் பாத்தீங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் ஆகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போனாள்.

டீச்சர் போகவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"உங்க பேரு அந்தத் தப்புக்குப் பக்கத்தாலயே நிக்குதுங்களே மேடம். என்னைக்கும் நிக்குமுங்களே."

"நிக்கட்டும் டீச்சர். பாதி ஊரை இருந்த எடத்துலயே காணாமப் பண்ணினவ பேர் எங்கயாவது ஒரு எடத்துல இருக்கணும். நாளைக்கு யாராவது அந்த ஃபைலைத் தெறந்தா, எங்க போனா அவாள்லாம்னு உங்க ஊரைத் தேடிண்டு வர வேண்டாம். என்னைத் தேடிண்டு வரட்டும்."